கொம்பொடிந்தது, எழுநூறு கிராம்

கம்பெனித் தராசுப் பக்கம் பேரேடு என் கையில்.
கால் எல்லாம் இருக்கா, கொம்பு ரெண்டும் இருக்கா,
தூக்கினால் வாலை மடக்குதா.
இருந்தால் அதற்கு விமானம்.
இல்லாவிட்டால் அரைவிலை, ஐஸ், இருட்டு.

கூத்தங்குழியில் பிறந்து முப்பத்தாறு வருஷம்.
சிங்கி இறாலின் எடையைக் கண்ணால் சொல்லிவிடுவேன்.
ருசி கேட்டால்
எப்போதோ புளிக்குழம்பில் ஒரு கால் கிடந்ததாக ஞாபகம்.

செவ்வாய்க்கிழமை ஒன்று வந்தது.
எழுநூறு கிராம். இடது கொம்பு பாதியில் முறிந்து.
வலையில் இருந்து கழற்றிய இன்னாசி
பிள்ளையைக் கீழே போட்டவர் மாதிரி நின்றார்.
சம்பளத்தில் பிடிச்சுக்கோங்க, என்றேன்.
மேனேஜர் என்னைப் பார்த்தார்,
பிறகு சிங்கியைப் பார்த்தார்,
எங்கள் இருவரில் யார் விலை குறைந்தது என்பது போல.

தஸ்நேவிஸ் கப்பலில் இருந்து இறங்கிப் பன்னிரண்டு நாள்.
ஏழு மாதம், ஜன்னல் இல்லாத அடுக்களையில்,
வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு
வெண்ணெய் உருக்கி ஊற்றியவன்.
கூட என்ன குடிக்கணும் என்றும் அங்கே பாடம் உண்டாம்.
வெளுத்த பீர் வேணும்ட்டி, என்றான்.
கோதுமையில் காய்ச்சினது, ஆரஞ்சுத் தோல் மணம் லேசா.
வெண்ணெய் நாக்குல பாய் விரிச்சுப் படுத்துரும்.
பீர் வந்து அதை எழுப்பி விடணும்.

ராதாபுரம் கடையில் கம்பிக்குப் பின்னால் இருந்தவர்
ஆரஞ்சா? ஜூஸ் கடை எதுத்தாப்புல, என்றாராம்.
ஸ்ட்ராங்கு மட்டுந்தான். லைட்டு யாருவே கேக்கா இங்க?

இரண்டு பாட்டில், நாளிதழில் சுற்றி.
வெண்ணெய்க்கு வள்ளியூர் வரை போயிருக்கிறான்.
பீரை மீன் ஐஸில் புதைத்தோம்.
சாளை வாடை பிடிக்கும், என்றான்.
பிடிக்கட்டுமே.

மொட்டை மாடியில் சின்ன அடுப்பு.
பக்கத்து வீட்டில் அன்பியக் கூட்டம்,
துக்க தேவ ரகசியம் மூன்றாவது ஓடுகிறது.
மூடியைத் திறக்கையில் நான் இருமினேன்.
முதல் மிடறு
அடிப்பிடித்த கூப்பனி. இனிப்பு, பிறகு கசப்பு,
பிறகு தொண்டையில் யாரோ செருப்போடு நடந்தது.
இதுவா எழுப்பும்?
தூங்குகிறவனை அடித்தல்லவா கொல்லும்.

அவன் ஓட்டைப் பிளந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது.
மேற்கே, அணுமின் நிலையத்தில் மட்டும்
ஒரு பல்பு குறையாமல் எரிந்தது.
கத்தி எங்கே, தட்டு எங்கே, போன் எங்கே என்று தடவுவதற்குள்
சட்டியில் வெண்ணெய் சத்தம் நின்று
வறுத்த கடலை வாசம் எழுந்தது.
வெளிச்சம் அடித்துப் பார்த்தால் கருப்பட்டி நிறம்.
ஏதோ ஒரு துறைமுகத்தின் கெட்ட வார்த்தை சொல்லி
சட்டியைத் தூக்கினான் கவிழ்க்க.
வள்ளியூர் வெண்ணெய், என்றேன். வை கீழே.

தொட்டேன்.
சதை வெள்ளையாக, தேங்காய் வழுக்கை போல வழுக்கி,
பல்லுக்கு வந்ததும் நார்நாராய்ப் பிரிந்து
கடலின் உப்பில்லாத பக்கம் ஒன்றைக் காட்டியது.
மேலே கருகல்.
அதன்மேல் ஸ்ட்ராங்கு ஒரு வாய்.

அது எதையும் கழுவவில்லை.
பாயை இன்னும் கொஞ்சம் அகலமாய் விரித்துவிட்டுத்
தானும் படுத்துக்கொண்டது.
கருகினதும் கருகினதும்.

தஸ்நேவிஸ் வெகுநேரம் பேசவில்லை.
தலையை உறிஞ்சினான், விரலை நக்கினான்,
இதை அங்க எழுதிக் குடுத்தா, என்று ஆரம்பித்தான்.
எழுதாதே, என்றேன்.
நாளைக்கே வெண்ணெயைக் கருக்க ஓர் ஆள் போடுவார்கள்,
கொம்பு ஒடிக்க ஓர் ஆள்.

காலையில் தராசு.
நாற்பத்தொரு கிலோ, எல்லாம் முழுசு, எல்லாம் மடக்கியது.
பேனா பிடித்த விரலில் சோப்பைத் தாண்டிய வாசம்.
மேனேஜர் கேட்டார், எப்படி இருந்தது?
எழுநூறு சரியா இருந்தது சார்.

காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய்.
ஓட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை,
மாடிச் சுவரில் வெயிலில் இருக்கிறது,
ஒரு கொம்போடு.